மடையான் பாடம்

அண்ணாச்சி எனக்கு முதலில் கொடுத்தது ஒரு சேவல் இறகு. கேமராவைத் தொட விட்டது அதற்கு நான்கு மாதம் கழித்து.

பாளையங்கோட்டையில் அவருடைய ஸ்டுடியோவில் நான் வேலைக்குச் சேர்ந்தது 1994இல். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் என்று ஓடுகிற கடை. முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் 400 எம்எம் லென்ஸைத் துண்டில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு குளத்தங்கரைக்குப் போய்விடுவார். நானும் வருகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாள் கடை பூட்டுகிற நேரத்தில், வீட்டுச் சேவல் உதிர்த்த இறகு ஒன்றையும் நெகட்டிவ் பார்க்கிற லூப்பையும் லைட் பாக்ஸ் மேல் வைத்தார். "என்ன தெரியுதுன்னு பாத்துச் சொல்லுடே" என்றார்.

நடுவில் தண்டு. அதிலிருந்து இருபக்கமும் சாய்வாகக் கிளம்பும் இழைகள். ஒவ்வோர் இழையிலிருந்தும் அதைவிட மெல்லிய இழைகள். அந்த மெல்லிழைகளில் லூப்புக்கும் அகப்படாத பொடிக் கொக்கிகள் உண்டு. அவைதான் அடுத்த இழையைப் பற்றி நிறுத்துகின்றன. இறகைக் கீழ்முகமாக உருவினால் இழை இழையாகப் பிரிந்து நிற்கும். விரலால் மேல்முகமாக நீவினால் கொக்கிகள் மாட்டிக்கொண்டு பழையபடி பத்தமடைப் பாய் மாதிரி ஒன்றாகிவிடும். அன்றைக்கு அரைமணி நேரம் பிரிப்பதும் நீவுவதுமாக இருந்தேன். "இதெல்லாம் இருக்குன்னு தெரிஞ்சவனுக்குத்தான் படத்துல அது இல்லைன்னு தெரியும்" என்றார் அண்ணாச்சி. முப்பது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்ன லென்ஸ், என்ன பாடி என்று கேட்கும்போது நானும் ஓர் இறகைத்தான் எடுத்து நீட்டுகிறேன். கோழி இறகு போதும். குளத்தங்கரையில் கிடக்கும் காட்டுப் பறவையின் இறகை அங்கேயே குனிந்து பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும்.

முதல் ஒரு வருஷம் மடையானை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். மாதம் ஒரு ரோல், 36 படம். எனக்கு அது பெரிய மனக்குறையாக இருந்தது. கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு வைத்திருக்க, வரப்பில் நிற்கிற மடையானையா எடுப்பது? பிறகுதான் விளங்கியது. மடையான் அசையாமல் நிற்கும். கற்றுக்கொள்கிறவனுக்கு நேரம் கொடுக்கும். அதன் கழுத்தில் மங்கிய வெள்ளையில் பழுப்புக் கோடுகள் நெருக்கமாக இறங்குகின்றன. படம் கூர்மையாக இருக்கிறதா என்று அந்தக் கோடுகளே சொல்லிவிடும். கோட்டின் ஓரம் பிசிறில்லாமல் வந்திருந்தால் கை ஆடவில்லை, ஃபோகஸ் தப்பவில்லை என்று அர்த்தம். கோடுகள் ஒன்றோடொன்று கலந்து காப்பிக் கறை மாதிரி வந்திருந்தால் எங்கேயோ பிழை. முதல் மூன்று ரோலும் எனக்குக் காப்பிக் கறைதான். 108 படத்தில் அண்ணாச்சி பிரிண்ட் போட்டது ஒன்று. அதுவும் எதைச் செய்யக்கூடாது என்று காட்டுவதற்கு.

கை ஆட்டத்தைத்தான் முதலில் திருத்தினார். முழங்கைகளை விலாவோடு ஒட்டு, மூச்சை இழுத்துப் பாதி விட்டு நிறுத்து, பட்டனைக் குத்தாதே, பழுத்த தக்காளியை அமுக்குகிற மாதிரி அமுக்கு. பீன் பேக் என்று இப்போது கடையில் விற்பதை எங்களுக்கு அவருடைய வீட்டம்மா பழைய ஜீன்ஸ் காலில் தைத்துக் கொடுத்தார்கள். உள்ளே கேழ்வரகு. வரப்பின் மேலோ கார் ஜன்னலிலோ அதைப் போட்டு லென்ஸை அழுத்தி வைத்தால், தரையோடு இருக்கிற பறவைக்கு எந்த ட்ரைபாடும் அதற்கு ஈடாகாது. ஓர் ஐப்பசி மழையில் அதை நனையவிட்டு அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன். நான்கு நாளில் முளைகட்டி, நாற்றமெடுத்து, பக்கத்திலிருந்த லென்ஸின் உள்கண்ணாடியில் பூஞ்சை ஏறிவிட்டது. அதிலிருந்து எங்கே போனாலும் பையைக் காலியாகக் கொண்டுபோய், அந்த ஊர்ப் பலசரக்குக் கடையில் இரண்டு கிலோ வாங்கி நிரப்பி, திரும்பும்போது யாருக்காவது கொடுத்துவிட்டு வருகிறேன்.

இன்றைய கேமராவில் நொடிக்குப் பத்து, இருபது படம் ஓடும். அதில் ஒரு கைநுட்பம் உண்டு: முதல் படத்தை நம்பாதீர்கள். விரல் அழுந்துகிற அதிர்வு அதில்தான் விழும். இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் அதைவிடச் சுத்தமாக இருக்கும். ஷட்டர் விஷயம் அதிகம் பேச ஒன்றுமில்லை. நிற்கிற மடையானுக்கு நொடியில் 1/500 போதும். தேன்சிட்டுக்கு 1/1600க்குக் கீழே இறங்காதீர்கள். அது கிளையில் உட்கார்ந்திருப்பதாக நமக்குத்தான் தோன்றும், உடம்பு ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். பறக்கிற பறவைக்கு 1/2500, 1/3200. ஐஎஸ்ஓ 1600 ஆகிறதே என்று பயந்து ஷட்டரைக் குறைக்கிறவர்களைப் பார்க்கிறேன். புள்ளி விழுந்த படத்தில் இறகு இருக்கும். ஆடிய படத்தில் இறகே இருக்காது.

ஃபோகஸுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 500 எம்எம் லென்ஸ், ஏபிஎஸ்-சி அளவு சென்சார், எஃப் 5.6, பறவை ஆறு மீட்டரில். கூர்மையாக விழுகிற ஆழம் மொத்தம் மூன்று சென்டிமீட்டர்தான். மடையான் நம்மை நேராகப் பார்த்து நின்றால் அலகு நுனிக்கும் கண்ணுக்கும் நடுவிலேயே அது தீர்ந்துபோகும். எஃப் 8க்குப் போனால் நாலரை சென்டிமீட்டர். அதனால் ஆழத்தைக் கூட்டுவதைவிட, பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருப்பதே வழி. உடம்பு சென்சாருக்கு இணையாக நிற்க, தலை மட்டும் நம் பக்கம் ஒரு நூல் திரும்பியிருந்தால் கண்ணும் கழுத்தும் தோளிறகும் ஒரே தளத்தில் வந்துவிடும். அந்த நிலைக்காக ஒரு மணி நேரம் காத்திருந்த நாள்கள் எனக்கு நிறைய உண்டு. இப்போதைய கேமரா பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிறது. நல்ல வசதி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பறவையை அதனால் திருப்ப முடியாது.

டிஜிட்டலுக்கு மாறிய புதிதில் ஒரு வருஷத்தை முழுதாக இழந்தேன். புது லென்ஸ், புது பாடி, எல்லாப் படமும் அரை வீசம் மங்கல். என் கையைச் சந்தேகித்தேன், மூச்சைச் சந்தேகித்தேன், கண்ணாடிப் பவரைக் கூட மாற்றிப் பார்த்தேன். அண்ணாச்சிதான் ஒரு பிரிண்டில் விரலை வைத்தார். மடையானின் மார்பு மங்கல். அதற்கு முன்னால் இரண்டு விரற்கடை தள்ளியிருந்த ஆகாயத்தாமரை இலையில் நரம்பு நரம்பாகத் தெரிந்தது. கூர்மை எங்கேயும் போகவில்லை, இடம் மாறி விழுந்திருக்கிறது. தினத்தாளைப் பலகையில் ஒட்டிச் சாய்த்து வைத்து, ஒரு வரியில் ஃபோகஸ் பிடித்து எடுத்துப் பார்த்தோம். அதற்கு முந்தின வரிதான் தெளிவாக வந்தது. கேமரா மெனுவில் அதற்கான திருத்தத்தை +7 வைத்ததும் சரியாகிவிட்டது. பத்து நிமிஷ வேலை. கண்ணாடி மடக்குகிற பழைய டிஎஸ்எல்ஆர் வைத்திருக்கிறவர்கள் இதை ஒருமுறை சோதித்துவிடுங்கள். மிரர்லெஸ்ஸில் சென்சாரே ஃபோகஸ் பார்ப்பதால் இந்தத் தொல்லை இல்லை. லென்ஸ் முகப்பில் மலிவான யுவி ஃபில்டர் போட்டிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். நீளமான லென்ஸில் அது இறகோரத்தை இரட்டையாக்கும்.

வெள்ளைக்கு வருகிறேன். கொக்கு எடுத்துக்கொண்டு வருகிறவர்களின் படங்களில் பாதியில் கொக்கு ஒரு வெள்ளைக் காகித வெட்டு மாதிரி இருக்கும். ஓரம் கூர்மை, உள்ளே ஒன்றுமில்லை. என் முதல் கொக்கைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி கேட்டார்: "மாப்பிள்ளை வேட்டியில மடிப்பு இல்லாம நீ படம் கொடுத்தா பொண்ணு வீட்டுக்காரன் துட்டுத் தருவானாடே?"

ஸ்டுடியோக்காரனுக்கு அந்த ஒரு கேள்வி போதும். கல்யாணத்தில் அந்தப் பக்கம் அரக்குப் பட்டுச் சேலை, இந்தப் பக்கம் வெள்ளைப் பட்டு வேட்டி. சேலைக்குப் பார்த்து எக்ஸ்போஷர் வைத்தால் வேட்டி வெந்துபோகும். வேட்டியின் மடிப்பைக் காப்பாற்றிக்கொண்டு மற்றதை அப்புறம் பார்க்க வேண்டும். கொக்கும் அதேதான். கரும்பச்சைத் தண்ணீருக்கு முன்னால் சின்னதாக ஒரு கொக்கு நிற்கும்போது கேமராவின் மீட்டர் தண்ணீரைப் பார்த்து ஏமாறும். கொக்கு பர்ன் ஆகும். அங்கே ஒரு ஸ்டாப், வெயில் ஏறியிருந்தால் ஒன்றே கால், ஒன்றரை கூடக் குறைக்க வேண்டும். அதே கொக்கு ஃப்ரேம் நிறைய வந்துவிட்டால் மீட்டர் வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும். அப்போது அவ்வளவு குறைக்கத் தேவையில்லை. இதை அட்டவணை போட்டுப் படிக்க முடியாது. ஒரு படம் எடுத்து, ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் சுவரில் முட்டாமல் நிற்கிறதா என்று பார்த்து, பிறகு தொடர வேண்டும். கறுப்பு இதற்கு எதிர்ப்பாடம். கரிச்சானுக்கும் நீர்க்காகத்துக்கும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும். வெறும் கறுப்பென்று நினைத்த நீர்க்காகத்தின் முதுகில் கருங்கரை போட்ட வெண்கலச் செதில்கள் அடுக்கடுக்காக இருப்பதை நான் கண்ணால் பார்ப்பதற்கு முன் படத்தில்தான் பார்த்தேன்.

வெளிச்சத்தின் அளவைப் போலவே அது வருகிற பக்கமும் முக்கியம். முதுகுக்குப் பின்னால் சூரியனை வைத்து எடு என்று எல்லோரும் சொல்வார்கள். நிறத்துக்கு அது சரி. இழை தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் கொஞ்சம் பக்கத்திலிருந்து தடவிக்கொண்டு வர வேண்டும். ஒவ்வோர் இழைக்கும் ஒரு மயிரிழை நிழல் விழும். அந்த நிழல்தான் நமக்கு இழையாகத் தெரிகிறது. மீன்கொத்தியின் நீலமும் தேன்சிட்டின் ஊதாவும் வேறு ரகம். அவை சாயமில்லை, இறகின் நுண்கட்டமைப்பில் ஒளி பட்டுச் சிதறி வருகிற நிறம். தேன்சிட்டு தலையை ஒரு பாகை திருப்பினால் தொண்டை கரிக்கட்டையாகிவிடும், மறுபடி திருப்பினால் பற்றி எரியும். அதற்கு மெல்லிய மேகம் மூடிய காலை நல்லது. காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார் என்று அண்ணாச்சி அடிக்கடி சொல்வார். நிறத்தை எடுத்துவிட்ட பிறகும் படம் நிற்கிறதா என்று பார்ப்பது அண்ணாச்சியின் வழக்கம். நானும் கணினியில் ஒருமுறை நிறத்தை நீக்கிப் பார்த்துவிட்டுத்தான் படத்தைத் தேர்வு செய்கிறேன்.

ஒன்பது மணிக்கு மேல் எங்கள் பக்கத்துக் குளங்களில் வேலையில்லை. விஜயநாராயணம் குளத்தில் ஒருமுறை பதினோரு மணிக்கு வரித்தலை வாத்துகள் தண்ணீரோரம் வரிசையாக நின்றன. இருநூறு அடி இருக்கும். நூறு படம் எடுத்தேன், ஒன்றிலும் தலையின் இரண்டு கறுப்புப் பட்டை நேராக இல்லை. தரையிலிருந்து எழுகிற சூட்டில் காற்றே நெளிகிறது. எந்த லென்ஸும் அதைத் தாண்டிப் பார்க்காது. பக்கத்தில் இருக்கிற பறவைக்கும் நமக்கும் நடுவே காற்று குறைவு. என் வேலையில் நான் கண்ட உண்மை இதுதான்: இறகின் விவரம் லென்ஸின் நீளத்தில் வருவதில்லை, பறவை நம்மை எவ்வளவு பக்கத்தில் சகிக்கிறது என்பதில் வருகிறது.

சகிப்பது என்றால் பறக்காமல் இருப்பது மட்டுமில்லை. பயந்த பறவை உடம்போடு இறகை இறுக்கிக்கொள்ளும். கழுத்து நீண்டு, உடம்பு ஒல்லியாகி, மேற்பரப்பு வழவழவென்று ஆகும். நீங்கள் ஐந்து மீட்டரில் இருந்தாலும் அதில் எடுக்க ஒன்றுமில்லை. நிம்மதியாக இருக்கிற பறவை இறகைத் தளர்த்தும். அடுக்கு அடுக்காகக் காற்று புகுந்து ஒவ்வோர் இறகும் தனியாக எழும். அதைவிட நல்ல நேரம் ஒன்று உண்டு. மடையான் கோத ஆரம்பிக்கும். ஒவ்வோர் இறகாக அலகில் வாங்கி அடியிலிருந்து நுனிவரை இழுத்து, நான் சேவல் இறகை நீவின மாதிரியே நீவும். கழுத்தைக் காலால் சொறியும். அதன் நடுவிரல் நகத்தில் சீப்புப் பல் போல வெட்டுகள் உண்டு. கொக்கு இனத்துக்குப் பொடியாக உதிர்கிற இறகுத் திட்டுகளும் உண்டு, அந்தப் பொடியைத்தான் உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். இருபது நிமிஷம் ஆகலாம். அதுவரை நான் ஒரு படம் கூட எடுப்பதில்லை. முடிவில் உடம்பை ஒரு தரம் சிலிர்த்து உதறும். அந்த உதறல் அடங்குகிற கணத்தில் எல்லா இழையும் அதனதன் இடத்தில் மாட்டியிருக்கும். அப்போது அமுக்குங்கள்.

அந்த நிம்மதியை அவசரப்பட்டு வாங்க முடியாது. பனையோலையில் ஒரு சின்னத் தடுக்கு முடைந்து கரையில் நட்டுவைத்து, முதல் நாள் நாற்பது அடியில் உட்காருவேன். மறுநாள் முப்பத்தைந்து. எழுந்து போவது இருட்டின பிறகு. பறவைக்கு அந்த ஓலை ஒரு புதராகிவிட எட்டு, பத்து நாள் ஆகும். கூந்தன்குளத்தில் இந்தப் பாடு தேவையில்லை. அங்கே ஊர்த் தெருமரங்களிலேயே நாரையும் கூழைக்கடாவும் கூடு வைக்கின்றன. திருப்புடைமருதூரிலும் அப்படி, தாமிரபரணிக் கரையில் கோயிலை ஒட்டிய மருத மரங்களில் வந்து அடைகின்றன. 2005இல் அந்தச் சின்ன இடத்தையே அரசு பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. அங்கெல்லாம் நமக்குக் கிடைக்கிற நெருக்கம் அந்த ஊர்க்காரர்கள் தலைமுறையாகச் சம்பாதித்து வைத்தது. அதை நாம் போய்ச் செலவழித்துவிட்டு வரக்கூடாது.

நான் செலவழித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்து ஐந்தாவது வருஷம், ஒரு சித்திரை. தரிசில் ஆள்காட்டி நான்கு முட்டை வைத்திருந்தது. வெயில் ஏறின நேரத்தில் ஆள்காட்டி முட்டைமேல் சூட்டுக்காக உட்காருவதில்லை, நிழலுக்காக உட்காரும். தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர வைக்கும். நான் தரையோடு படுத்து ஊர்ந்து பக்கத்தில் போய்விட்டேன். அது சுற்றிச் சுற்றிக் கத்தியது, கிட்ட வந்தது, மறுபடி ஓடியது. கிட்ட வந்தபோதெல்லாம் எடுத்தேன். சிறகின் வெண்கலப் பச்சையில் ஊதா மினுக்கு, நனைந்த வயிற்றிறகு நூல் நூலாக. அதுவரை நான் எடுத்ததிலேயே கூர்மையான ரோல் அது.

அண்ணாச்சி லூப்பை வைத்துக் கடைசி நெகட்டிவ்வரை பார்த்தார். "முட்டை எம்புட்டு நேரம் வெயில்ல கெடந்துச்சு?" என்று கேட்டார். முக்கால் மணி நேரம் இருக்கும் என்றேன். நெகட்டிவை உறையில் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பிரிண்ட் போடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை அந்தத் தரிசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். குழி வெறுமையாக இருந்தது. நாய் தின்றதோ, கெட்டுப்போய் விட்டதோ, தெரியாது. கத்துவதற்கு ஆள்காட்டி அங்கே இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூடு பக்கம் அதற்கப்புறம் நான் லென்ஸைத் திருப்பியதில்லை. செல்போனில் குரலைப் போட்டுப் பறவையை இழுக்கிறவர்களோடு வண்டியில் ஏறியதுமில்லை.

படம் எடுத்த பிறகு கணினியில் செய்கிறது கொஞ்சம்தான். புள்ளியை அழுத்தித் துடைத்தால் இறகு பிளாஸ்டிக் ஆகும். ஷார்ப்பனிங்கை ஏற்றினால் ஓரத்தில் வெள்ளைக்கோடு விழும். கண், முகம், கழுத்துக்கு மட்டும் லேசாகக் கொடுத்துவிட்டுப் பின்னணியை விட்டுவிடுகிறேன். இப்போது வந்திருக்கிற சில மென்பொருள்கள் மங்கல் படத்தில் தாமாகவே இழை போட்டுக் கொடுக்கின்றன. பார்க்க அழகாக இருக்கிறது. லூப் பிடித்த கண்ணுக்கு அந்த இழைகள் தண்டிலிருந்து கிளம்பவில்லை என்று தெரிந்துவிடும். அண்ணாச்சி நெகட்டிவில் பென்சில் வைத்து டச்சிங் செய்கிற காலத்தில் ஆயிரம் முகத்தில் பரு எடுத்திருக்கிறார். வழுக்கைத் தலையில் முடி வரையச் சொல்லி ஒருவர் இரட்டிப்புக் கூலி கொடுத்தபோது முடியாது என்று திருப்பி அனுப்பினார்.

இப்போது அவருக்கு எண்பத்திரண்டு வயது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. போன தை மாதம், பிசான வயலில் எடுத்த மடையான் ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். மடியில் வைத்து, அதே பழைய லூப்பைக் கழுத்தில் வைத்து ஆரம்பித்து, கோடு கோடாக இறங்கி, தோளுக்கு வந்து, ஓரிடத்தில் நிறுத்தினார். ரொம்ப நேரம் அங்கேயே இருந்தார். அங்கே ஓர் இறகில் இரண்டு இழை மட்டும் கொக்கி விட்டுப் பிரிந்து நின்றது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"வடக்கேயிருந்து காத்து அடிச்சிருக்குடே" என்றார்.

அன்று காலையில் வாடை கொஞ்சம் இருந்தது.